வாசல் வரை வந்த வேகம்

புதுச்சேரி வீடுகளில் ஃபைபர் நெட் ஏன் முன்னறையோடு நின்றுவிடுகிறது?

புதுச்சேரியில் ஃபைபர் இணைப்பு வாங்குவது இன்று பெரிய காரியமில்லை. பி.எஸ்.என்.எல். தருகிறது, தனியார் கம்பெனிகள் தருகின்றன. கேபிள் டி.வி. நடத்தியவர்களும் பேட்டைக்குப் பேட்டை அதே கம்பங்களில் நெட் கம்பியை இழுத்துக் கொடுக்கிறார்கள். சொன்ன சில நாளில் ஆள் வருகிறார். தெருக்கதவுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியை மாட்டி, பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். அன்று இரவே குறை தொடங்குகிறது. முன்னறையில் சினிமா தங்குதடையில்லாமல் ஓடுகிறது. அடுக்களையில் வாட்ஸ்அப் படம் இறங்க மாட்டேன் என்கிறது. மாடியில் படிக்கும் பிள்ளையின் ஆன்லைன் வகுப்பில் ஆசிரியரின் வாய் அசைகிறது, குரல் வருவதில்லை. ‘நெட் ஸ்லோ’ என்று கம்பெனிக்குப் புகார் போகிறது. அடுத்த மாதம் 100 மெகாபிட் திட்டத்தை 200 ஆக்குகிறோம். அடுக்களையில் நிலைமை மாறுவதில்லை.

காசு தப்பான இடத்தில் செலவாகிறது. வாசல் வரை வேகம் சரியாகத்தான் வந்திருக்கிறது. அதை வீட்டுக்குள் கொண்டுபோகிற வழியை யாரும் யோசிக்கவில்லை. எந்த ஊருக்கும் பொருந்துகிற பேச்சு இது என்றாலும், புதுச்சேரிக்குக் கூடுதலாகப் பொருந்தும். இங்கே வீடுகள் கட்டப்பட்ட விதம் அப்படி.

ஒன்றரை அடிச் சுவர்

பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுப் பகுதி, மேற்கே தமிழர் பகுதி. மேற்கே உள்ள பழைய வீடுகளின் அமைப்பை மனதில் கொண்டுவாருங்கள். தெருவை ஒட்டித் தாழ்வாரம், திண்ணை. கதவைத் தாண்டினால் நடை. அதன் பிறகு முற்றம், அதைச் சுற்றித் தூண் வைத்த தாழ்வாரம், கூடம், அறைகள். பின்கட்டில் அடுக்களையும் கிணற்றடியும். வைசியாள் வீதி என்று நாம் சொல்லும் கால்வே சுப்பராயச் செட்டி வீதியில் இன்டாக் அமைப்பு சீரமைத்த வீட்டு முகப்புகளைப் பார்த்தாலே இந்த வரிசை புரியும். 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய–பசிபிக் பாரம்பரிய விருது வாங்கிய சீரமைப்பு அது.

இந்த வீடுகளின் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்த்து எழுப்பியது. ஒன்றரை அடிக் கனம் சாதாரணம். வெயிலை வெளியே நிறுத்துவதற்காகக் கட்டிய சுவர், வைஃபை அலையையும் நிறுத்திவிடுகிறது. வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் ஓடுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் மெதுவானது, ஆனால் சுவரை ஓரளவு தாண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் கனமான ஒரு சுவரிலேயே களைத்துவிடும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அலை சுவரை நேராகக் கடப்பது வேறு, சாய்வாகக் கடப்பது வேறு. 45 பாகை சாய்வில் போகும் அலைக்கு ஒன்றரை அடிச் சுவர் இரண்டடிக்கு மேல் கனமாகிவிடுகிறது. நடையின் மூலையில் மாட்டிய பெட்டியிலிருந்து பின்கட்டு மூலைக்குப் போக, அலை மூன்று நான்கு சுவர்களை அப்படிச் சாய்வாகத்தான் கடக்க வேண்டியிருக்கிறது. அதே பெட்டியின் அலையில் பாதி தெருவுக்குப் போகிறது. வாசற்படியில் விளக்கை ஏற்றிவிட்டு அடுக்களை இருட்டாக இருக்கிறதே என்று வருந்துவது போலத்தான் இது.

இந்தச் சிக்கலுக்கு மருந்தும் அதே வீட்டில் இருக்கிறது. முற்றம்! வீட்டின் நடுவில், குறுக்கே சுவரே இல்லாத ஓர் இடம். முற்றத்தைப் பார்த்த தாழ்வாரச் சுவரில், ஆள் உயரத்துக்கும் சற்று மேலே ரவுட்டரை மாட்டினால், அலை திறந்த வெளியைத் தடையில்லாமல் கடந்து, எதிர்ப்புறக் கதவு, ஜன்னல் வழியாக அறைகளுக்குள் நுழைகிறது. மாடி இருந்தால், முற்றத்தைச் சுற்றிய மாடித் தாழ்வாரத்துக்கும் ஏறுகிறது. தேக்குமர உத்தரமும் செங்கல்லும் சுண்ணாம்புமாகப் போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே போவதைவிட, முற்றத்து வழியாக ஏறுவது அலைக்கு எளிது. சாரல் படாத இடமாகப் பார்க்க வேண்டும், அவ்வளவே. காற்றும் வெளிச்சமும் வீடு முழுக்கப் பரவ வேண்டும் என்று முன்னோர் விட்டுவைத்த வெளி, இன்றைக்கு இதற்கும் உதவுகிறது என்பதை நினைத்தால் எனக்கு அந்தக் கொத்தனார்கள் மேல் மதிப்பு கூடுகிறது.

‘கம்பி வாசலில்தானே வருகிறது, பெட்டியை எப்படி முற்றத்துக்குக் கொண்டுபோவது?’ என்று கேட்கலாம். இரண்டு வழி உண்டு. ஒன்று, கண்ணாடி இழையையே உள்ளே இழுப்பது. ஒரு கிலோமீட்டர் போனாலும் அரை டெசிபெல்கூட இழக்காத இழை அது. வீட்டுக்குள் இன்னும் அறுபது அடி போவது அதற்குப் பொருட்டே இல்லை. லைன்மேன் வரும்போதே, ‘தம்பி, வாசலோட நிறுத்தாம முற்றம் வரைக்கும் இழுத்துக் குடுங்க, கூடுதல் கம்பிக்குக் காசு தர்றேன்’ என்று கேட்டுவிட வேண்டும். வேலை முடிந்த பிறகு கேட்டால் நடக்காது. இரண்டாவது வழி, கம்பெனி கொடுத்த பெட்டியை வாசலிலேயே விட்டு, அதிலிருந்து ஒரு லேன் கேபிளை முற்றம் வரை கொண்டுபோய் அங்கே தனி ரவுட்டர் வைப்பது. சுண்ணாம்புப் பூச்சுச் சுவரில் துளை போட்டால் காரை பொலபொலவென உதிரும். ஏற்கெனவே இருக்கிற வென்டிலேட்டர், பழைய மின் வயர் போகும் மரக் கேசிங், கதவு நிலைக்கு மேல் உள்ள இடுக்கு, இவற்றைப் பயன்படுத்தினால் சுவருக்குச் சேதமில்லை.

கிழக்கே, பிரெஞ்சுப் பகுதியின் உயரமான கூரை வைத்த மாடி வீடுகளுக்கு ஒரே பெட்டி போதாது. தளத்துக்கு ஒன்று வேண்டும். விருந்தினர் விடுதி நடத்துகிறவர்கள் இதில் கஞ்சம் பிடிக்கக் கூடாது. லாஸ்பேட்டை, ரெட்டியார்பாளையம் பக்கத்துப் புதிய அடுக்கு வீடுகளில் சுவர் மெல்லியது. வீட்டின் நடுவில் நல்ல ரவுட்டர் ஒன்று இருந்தால் காரியம் முடிந்தது.

எங்கே இருந்தாலும் இரும்பு பீரோவுக்குப் பின்னாலும், நிலைக்கண்ணாடிக்கு அருகிலும், மீன் தொட்டிக்குப் பக்கத்திலும், பரணில் பித்தளைப் பாத்திரங்களுக்கு நடுவிலும், டி.வி. அலமாரிக்குள்ளும் ரவுட்டரை வைக்காதீர்கள். உலோகம் அலையைத் திருப்பி அனுப்பும், தண்ணீர் உறிஞ்சும். பார்வைக்கு அழகாயில்லை என்று ஒளித்து வைத்த பெட்டிகள்தான் அதிகப் புகாருக்குக் காரணம்.

கடைசி நூறு அடி

எவ்வளவு தூரத்திலிருந்து வந்தாலும் கடைசி நூறு அடிதான் முக்கியம் என்பது இந்த ஊர் ஏற்கெனவே கற்ற பாடம். 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துப் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. தொலைபேசியோடு ரேடியோ அலை வழியாகவும் கிராமங்களுக்குத் தகவல் போனது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை எடுத்து, மீனவர்கள் கடலுக்குப் போகுமுன் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரிலிருந்த நல்லவாட்டுக்காரர் ஒருவர் சுனாமிச் செய்தி அறிந்து ஊருக்குப் போன் செய்தார். தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் எச்சரிக்கை ஒலித்தது. ஊரார் ஓடித் தப்பினார்கள். கடல் கடந்து வந்த சேதியை வீடு வீடாகச் சேர்த்தது அந்த ஒலிபெருக்கி. சேதி வந்து, அதைப் பரப்ப வழி இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே முடியவில்லை.

புதுச்சேரியின் குடும்பங்களுக்கு வெளிநாட்டுத் தொடர்பு பொழுதுபோக்கு அல்ல. 1956-ல் கையெழுத்தாகி 1962 ஆகஸ்ட் 16-ல் நடைமுறைக்கு வந்த இந்திய–பிரெஞ்சு ஒப்பந்தம், பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு ஆறு மாத அவகாசம் தந்தது. அன்று எடுத்த முடிவால் இன்றும் பல வீடுகளில் பாதிப் பேர் பாரீஸில், பாதிப் பேர் இங்கே. குளிர்காலத்தில் நமக்கு இரவு எட்டரை என்றால் அங்கே மாலை நான்கு. தெருவில் எல்லா வீட்டிலும் நெட் ஓடுகிற அந்த நேரத்தில்தான் பேரப்பிள்ளை வீடியோவில் வருகிறான். தெளிவான ஒரு வீடியோ அழைப்புக்கு மூன்று, நான்கு மெகாபிட் போதும். உயர்தரமான 4கே சினிமாவுக்கே பதினைந்திலிருந்து இருபத்தைந்து மெகாபிட்தான் தேவை. 100 மெகாபிட் திட்டம் ஒரு கூட்டுக் குடும்பத்துக்குத் தாராளம். பாட்டியின் அறைக்கு அது போய்ச் சேர வேண்டும் என்பதே பிரச்னை.

பெட்டியில் எழுதியிருக்கும் எண்கள்

கம்பெனி தரும் பெட்டி இரண்டு வேலை செய்கிறது. கண்ணாடி இழையில் வரும் ஒளியை மின்சமிக்ஞையாக மாற்றுவது ஒன்று. அதை வைஃபையாகப் பரப்புவது இன்னொன்று. முதல் வேலையைப் பெரும்பாலும் ஒழுங்காகச் செய்துவிடும். இரண்டாவதில்தான் மலிவுப் பெட்டிகள் தடுமாறுகின்றன. சிலவற்றில் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் இருக்கும். சிலவற்றில் இரண்டு லேன் துளைகளில் ஒன்று கிகாபிட், மற்றது 100 மெகாபிட். 200 மெகாபிட் திட்டத்துக்குப் பணம் கட்டிவிட்டு இரண்டாவது துளையில் கேபிளைச் செருகியிருந்தால், நூறுக்கு மேல் ஒருபோதும் வராது. பெட்டி மாட்ட வந்தவரிடம் இந்த இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தனி ரவுட்டர் வாங்கப் போனால், அட்டையில் பெரிய எழுத்தில் ஏசி1200 என்றும் ஏஎக்ஸ்1500 என்றும் இருக்கும். 1200 மெகாபிட் வேகம் வரும் என்று நினைத்து வாங்குகிறவர்கள் ஏராளம். அது இரண்டு அலைவரிசைகளின் உச்ச வேகங்களைக் கூட்டிச் சொல்லும் கணக்கு: 300-ம் 867-ம் சேர்ந்து, சற்றுக் கூட்டி 1200. எந்த ஒரு போனுக்கும் அது கிடைக்காது. ஆன்டெனாக்கள் எத்தனை நீட்டிக்கொண்டிருக்கின்றன என்பதையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சட்டப்படி அலையின் வலுவுக்கு வரம்பு உண்டு. ஆறு கொம்பு வைத்த பெட்டியும் அந்த வரம்பைத் தாண்டக் கூடாது. வைஃபை 6 வகை, இரண்டு அலைவரிசை, எல்லாத் துளைகளும் கிகாபிட். இந்த மூன்றும் இருந்தால் வீட்டுக்குப் போதும். வைஃபை 7-க்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் நல்ல கேபிளும் இரண்டாவது ரவுட்டரும் வாங்கலாம். நான் அதைத்தான் சொல்வேன்.

‘எக்ஸ்டெண்டர்’ என்று கடையில் தருவது, வந்த அலையைப் பிடித்து அதே அலைவரிசையில் மறுபடி அனுப்பும் கருவி. வாங்கவும் கொடுக்கவும் ஒரே நேரத்தைப் பங்கு போடுவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். ‘மெஷ்’, அதாவது ஒரே வைஃபையாகச் சேர்ந்து இயங்கும் பெட்டிகள், அதைவிட மேல். ஆனால் பழைய வீட்டில் இரண்டு மெஷ் பெட்டிகளுக்கு நடுவே கனத்த சுவர் வந்துவிட்டால் அவையும் திணறும். இரண்டையும் ஒரு லேன் கேபிளால் இணைத்துவிட்டால் சுவர் ஒரு பொருட்டில்லை.

கேபிளைப் பற்றி இங்கே கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. விலை குறைந்த கேபிள்கள் பலவற்றில் உள்ளே இருப்பது செம்பு பூசிய அலுமினியம். வைத்திக்குப்பம், குருசுக்குப்பம் போன்ற கடலோரத் தெருக்களில் உப்புக் காற்று அந்த அலுமினியத்தைச் சீக்கிரம் அரித்துவிடும். முழுச் செம்புக் கம்பி என்று கேட்டு, கேட்6 வகை வாங்குங்கள். மாடி வழியாகப் போனால் வெயில் தாங்கும் கறுப்பு உறை வேண்டும். அதன் முனையை அழுத்துகிறவர் எட்டுக் கம்பிகளையும் செருக வேண்டும். நான்கை மட்டும் செருகினாலும் நெட் ஓடும், ஆனால் 100 மெகாபிட்டைத் தாண்டாது. பல வீடுகளில் வேகம் 95-ல் நிற்பதற்கு இதுதான் காரணம்.

பாரீஸிலிருந்து வருகிற சொந்தக்காரர் அங்கே பயன்படுத்திய இணைய ‘பாக்ஸை’ அன்போடு கொண்டுவருவதுண்டு. அங்கே கம்பெனிகள் வாடகைக்குத் தரும் அந்தப் பெட்டிகள் அந்தந்தக் கம்பெனியின் வலையமைப்புக்கென்றே அமைக்கப்பட்டவை. இங்கே பயன்படாது. கடையில் வாங்கிய ரவுட்டராக இருந்தால், நமது பெட்டிக்குப் பின்னால் லேன் கேபிளில் மாட்டிப் பயன்படுத்தலாம். மின்சாரம் இரண்டு நாட்டிலும் 230 வோல்ட்தான். ஆனால் அடாப்டரின் முனைகள் மெல்லியவை. நம் ஐந்து ஆம்பியர் பிளக்கில் தளர்வாக நின்று பொறி பறக்கும். நல்ல கன்வெர்ட்டர் போடாமல் செருகக் கூடாது.

பூட்டிய வீட்டை அங்கிருந்தே கேமராவில் பார்க்க விரும்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பல கம்பெனிகள் ஒரே பொது ஐ.பி. முகவரியை ஏராளமான வீடுகளுக்குப் பங்கிட்டுத் தருகின்றன. வெளியிலிருந்து நேரடியாக உள்ளே வர அந்த இணைப்புகளில் வழி கிடையாது. கிளவுட் வழியாக இயங்கும் கேமரா வாங்குங்கள், அல்லது தனி ஐ.பி. கேட்டுப் பெறுங்கள்.

அமைப்புகளில் செய்ய வேண்டியவை அரை மணி நேர வேலை. நிர்வாகப் பக்கத்தின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். வைஃபை பாஸ்வேர்ட் வேறு, இது வேறு. இதை மாற்றாத வீடுகளே அதிகம். டபிள்யூ.பி.எஸ். வசதியையும் வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். டபிள்யூ.பி.ஏ.2 அல்லது 3 பாதுகாப்பு இருக்கட்டும். விருந்தாளிகளுக்கும் தங்க வருகிறவர்களுக்கும் தனி ‘கெஸ்ட்’ இணைப்பு கொடுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய சேனல்கள் மட்டுமே ஒன்றையொன்று உரசாதவை. பக்கத்து வீட்டார் எதில் இருக்கிறார்கள் என்று பார்த்து, வேறொன்றுக்குப் போங்கள்.

மடித்தால் ஒளி போய்விடும்

வளைந்த கண்ணாடி இழைக்குள் ஒளியை ஓடவைத்துப் படம் கடத்தலாம் என்று, பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் அவருடைய ஆசிரியர் ஹாப்கின்ஸும் 1954 ஜனவரியில் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்ததும் அதே ஆண்டு நவம்பரில்தான். இழையைத் தூய்மையாக்கினால் வெகு தொலைவுக்குச் செய்தி அனுப்பலாம் என்று 1966-ல் காட்டிய சார்லஸ் காவ் 2009-ல் நோபல் பரிசு பெற்றார். அந்த இழை மெல்ல வளைவதைப் பொறுக்கும், மடிவதைப் பொறுக்காது. கதவிடுக்கில் நசுங்கினாலும், ஆணியடித்த கிளிப்பில் இறுகினாலும், சிறு வட்டமாகச் சுற்றிக் கட்டினாலும் ஒளி பக்கவாட்டில் கசிந்துவிடும். மிச்சக் கம்பியை ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவுக்குச் சுருட்டி மாட்டுங்கள். பச்சை முனை சாய்வாகத் தேய்த்தது, நீல முனை நேராகத் தேய்த்தது. ஒன்றை மற்றொன்றில் செருகக் கூடாது. கழற்றிய முனைக்குள் குழந்தைகள் எட்டிப் பார்க்காமல் கவனியுங்கள். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி.

புயல் நாள்

2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயலைப் பார்த்தோம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. தரைத்தளங்களில் தண்ணீர் புகுந்தது. பிளக்குக்குப் பக்கத்தில், தரையோடு தரையாகப் பெட்டியை வைக்கும் பழக்கத்தை இந்த ஊர் விட்டுவிட வேண்டும். பெட்டி, அடாப்டர், எக்ஸ்டென்ஷன் பலகை எல்லாம் தலை உயரத்தில் இருக்கட்டும்.

புயல் நேரத்தில் மின்சாரத்தை நிறுத்துவார்கள். அப்போதும் நெட் ஓட வழி இருக்கிறது. எக்ஸ்சேஞ்சுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும் ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரமே தேவையில்லை. அந்தப் பக்கம் பேட்டரி ஓடினால், இந்தப் பக்கம் நம் பெட்டிக்கு மட்டும் மின்சாரம் இருந்தால் போதும். பெரும்பாலான பெட்டிகள் 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுகின்றன. ரவுட்டருக்கென்று விற்கும் சிறிய யு.பி.எஸ்., இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைப்பது, சில மணி நேரம் தாங்கும். அடாப்டரின் மேல் அச்சிட்ட வோல்ட்டையும் ஆம்பியரையும் படித்துவிட்டு வாங்குங்கள். பெட்டியும் ரவுட்டரும் தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் மின்சாரம் தர வேண்டும். இதை மறந்து ஒன்றுக்கு மட்டும் கொடுத்துவிட்டு நெட் வரவில்லை என்பார்கள். கண்ணாடி இழை மின்னலைக் கடத்தாது. ஆனால் கம்பத்திலிருந்து வரும் கறுப்புக் கம்பியில் தாங்கலுக்காக இரும்புக் கம்பி ஓடுகிறது. அதை வீட்டுக்கு வெளியிலேயே வெட்டி நிறுத்தச் சொல்லுங்கள். இடி முழங்கும்போது அடாப்டரைக் கழற்றிவிடுவதே நல்லது.

லைன்மேன் கிளம்புமுன்

வேலை முடிந்தது என்று அவர் கையெழுத்துக் கேட்கும்போது மூன்று காரியம் செய்யுங்கள். லேப்டாப்பைக் கேபிளில் இணைத்து வேகம் பாருங்கள். திட்டத்தின் அளவு இதில் வந்தால் கம்பெனி தன் பங்கைச் செய்துவிட்டது. பிறகு போனைக் கையில் பிடித்துக்கொண்டு கடைசி அறை வரை, கிணற்றடி வரை, மாடி வரை நடந்து பாருங்கள். எங்கே வேகம் விழுகிறதோ அங்கே அவரை நிறுத்திக் காட்டுங்கள். பெட்டியை இடம் மாற்றச் சரியான நேரம் அதுதான்.

கடைசியாக, பெட்டியின் நிர்வாகப் பக்கத்தில் ஆப்டிகல் பவர் என்ற எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். அது மைனஸ் 8-க்கும் மைனஸ் 27-க்கும் நடுவில் இருக்க வேண்டும். மைனஸ் 20-ஐ ஒட்டி இருந்தால் திருப்தி. அந்த எண்ணையும் தேதியையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பெட்டியின் அடியில் ஒட்டிவையுங்கள். ஆறு மாதம் கழித்து நெட் விட்டுவிட்டு வந்து, எண் மைனஸ் 28 ஆகியிருந்தால், அணில் கடித்தோ கம்பி மடிந்தோ இழையில் கோளாறு. எண் அப்படியே இருந்தால், கோளாறை வீட்டுக்குள் தேடுங்கள்.